ஆறு மணிக்கு மேல் கோத்தகிரியில் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. வங்கியில் கிளார்க் வேலை கிடைத்து, பிப்ரவரியிலிருந்து கோத்தகிரி கிளையில் இருக்கிறேன். அப்பா இல்லை. தம்பி மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் அம்மா மட்டும்தான். பகலில் வேலை சரியாகப் போகிறது. ஆறு மணிக்கு ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினால் அழுகை வருகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகு இன்னும் மோசம். குளிர்ப் பிரதேசங்களில் வரும் மனச்சோர்வு இது என்று இணையத்தில் படித்தேன். மனதை மாற்ற, யூடியூப் பார்த்து வாட்டர் கலர் ஆரம்பித்தேன். சொதப்பியது. அப்புறம் குரோஷா. அதுவும் பாதியில் நிற்கிறது. தவணையில் ஒரு கிட்டார் வாங்கினேன், கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இப்போது தோடர் எம்பிராய்டரி பழகலாமா என்று யோசனை. கூட வேலை பார்க்கும் அக்கா, "படத்தை எல்லாம் இன்ஸ்டாகிராம்ல போட்டு வித்துடு" என்கிறார். அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். "படம் வரையவா அம்புட்டுத் தூரம் போன?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து எதுவும் சொல்வதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வயர் கூடை பின்னிக்கொண்டே இருந்தவர்தான் அவர். அம்மா அங்கே தனியாக இருக்கும்போது நான் இங்கே கலர் அடித்துக்கொண்டிருப்பது தப்பாகத் தெரிகிறது. எதையும் முடிக்கத் துப்பில்லாதவளா நான்? பேசாமல் டிரான்ஸ்ஃபர் கேட்டுவிடலாமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் அந்தக் குளிர்கால மனச்சோர்வை ஒதுக்கி வைத்துவிடுவோம். 1984இல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதை ஒரு தனிக் கோளாறாக விவரித்தார்கள். பெரும்பாலும் அது பேசப்படுவது, குளிர்காலத்தில் பகல் வெகுவாகச் சுருங்கிவிடும் வடக்கத்திய நாடுகளில். கோத்தகிரியில் டிசம்பர் கடைசியிலும் பகல் பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பகலுக்கும் இதற்கும் சில நிமிட வித்தியாசம்தான். நீங்கள் வந்து பார்க்கும் முதல் வடகிழக்குப் பருவமழை இது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் மேகம் இறங்கி நின்றால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் சலிப்புத் தட்டும். அதற்கு நோய்ப் பெயர் எதுவும் வேண்டாம்.

ஆனால் ஒன்றை நீங்களே கவனித்துப் பாருங்கள். தூக்கம் கெடுவது, சாப்பாடு இறங்காமல் போவது, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது, "இருந்து என்ன" என்ற நினைப்பு வருவது — இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் இந்தப் பதிலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கடைசி நினைப்பு வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேசிவிடுங்கள். 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அந்த நிலை தெரியவில்லை. கவுன்ட்டரில் பகல் முழுக்க ஒழுங்காக வேலை செய்கிறீர்கள், கலகலப்பான கடிதம் எழுதுகிறீர்கள்.

உங்களுக்கு இருப்பது ஊர் நினைப்பு. குன்னூரில் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கீழேயிருந்து வேலைக்காக ஏறி வந்தவர்கள். ஆசிரியர்கள், நர்சுகள், மின்வாரியத்துக்காரர்கள், உங்களைப் போல வங்கிக்காரர்கள். எல்லோரும் ஒரே நேரத்தைத்தான் சொல்கிறார்கள்: கை ஓய்ந்த பிறகு. பகலில் டோக்கன், பாஸ்புக், நகைக்கடன், "மேடம், இந்தப் பணம் ஏறிடுச்சா பாருங்க" என்று ஆள் மாற்றி ஆள் நிற்கிறார்கள். ஆறு மணிக்கு எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் கொஞ்ச நாள் கூடுதலாக வலிக்கும் என்பதும் வழக்கம்தான். தீபாவளிக்குப் போனதால் கெட்டது என்று நினைத்துப் பொங்கலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

மற்ற ஊர்க்காரர்களிடம் "சாயங்காலம் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவேன். கோத்தகிரியில் இருட்டிய பிறகு அதைச் சொல்ல முடியாது. கரடியும் காட்டெருமையும் உங்களுக்கு முன்பே நடைக்குக் கிளம்பியிருக்கும். ஆக, சாயங்காலம் ரூமில்தான். அந்த ரூமுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வாட்டர் கலர், குரோஷா, கிட்டார். மூன்றிலும் எனக்குப் பட்டது, நீங்கள் பாதியில் விட்டது இல்லை. மூன்றையுமே ராத்திரியில் போனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மூன்றையுமே கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்கிறீர்கள். மூன்றுக்கும் நீங்கள் கொடுத்த வேலை ஒன்றே: அழுகை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொழுதுபோக்கும் அந்த வேலையை ரொம்ப நாள் செய்யாது. அழுகை வராத நாளில் அது தேவைப்படாது, அழுகை வந்த நாளில் "இதுவும் உதவவில்லையே" என்று அதன்மேலேயே கோபம் வரும்.

அதற்காக, கையால் எதையாவது செய்வதில் பலன் இல்லை என்று சொல்லவில்லை. ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 39 பேருக்குப் பேனா, களிமண், ஒட்டு வேலைக்கான காகிதம் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டத்துக்குச் செய்யச் சொன்னார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம், முன்பே வரையத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அதில் இல்லை, கால்வாசிப் பேருக்குக் குறையவும் இல்லை. ஆனாலும் உங்கள் "சொதப்பல்" என்ற சொல்லுக்கு அது பதில் சொல்கிறது. படம் எப்படி வந்தது என்பது ஒரு கணக்கு, வரைந்தபோது உங்களுக்கு என்ன ஆனது என்பது வேறு கணக்கு.

அந்தச் சொதப்பலைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நானும் இங்கே தூரிகை பிடிக்கிற ஆள்தான் (காட்டும்படியாக ஒன்றும் இல்லை). வானத்துக்கு நீலம் அடித்துவிட்டு, மலையின் விளிம்புக்குப் பச்சை வைத்ததும் இரண்டும் கலந்து பூப்பூவாகக் கசிகிறது, வீடியோவில் அப்படி ஆவதில்லை — இதுதானே நடந்தது? வீடியோ எடுத்தவர் காய்ந்த ஊரில் இருக்கிறார். அவருக்கு ஐந்து நிமிடத்தில் காய்கிற தாள், மழைக்காலக் கோத்தகிரியில் அரை மணி நேரம் கழித்தும் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லிப்பு இருக்கும்வரை அடுத்த நிறத்தை வைக்கக் கூடாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள், விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பள்ளிக்கூட டிராயிங் நோட்டுத் தாள் இந்த ஈரத்தில் அப்பளமாக நெளியும். 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும் கனமான தாள் விலை கூடத்தான், வாங்கி நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். தூரிகையைத் துணியில் ஒற்றி, தண்ணீரைப் பாதியாக்குங்கள். கலர் பெட்டியை ஈரத்தோடு மூடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ரொம்ப மழையான நாளில் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜனவரி பிறந்தால் காற்று காய்ந்துவிடும், இதே கை இதே பெட்டியை வைத்து வேறு மாதிரி வரையும். இது கைக்கோளாறு இல்லை என்று உங்களுக்குச் சொல்ல அந்த வீடியோக்காரருக்கு வழியில்லை.

சரி, இனி என்ன செய்யலாம்? மூன்றில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நான் வாட்டர் கலரைச் சொல்வேன். அது ஒன்றுதான் உங்களை ரூமைவிட்டு வெளியே கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் வந்த பிறகு, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் உட்காருங்கள். பாஸ்புக் அளவில் ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். காட்சிமுனையை வரையப் போகாதீர்கள், அதைச் சுற்றுலா வந்தவர்கள் போனில் எடுத்துக்கொண்டு போகட்டும். எதிரே இருக்கும் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். கொழுந்து விட்டிருக்கும் பாத்தி மஞ்சள் கலந்த பச்சை. பறித்து முடித்த பாத்தி கரும்பச்சை. கவாத்து வெட்டிய பாத்தியில் பச்சையே இல்லை, வெறும் பழுப்புக் குச்சிகள். நடுவில் நிற்கும் சில்வர் ஓக் இலை மேலே ஒரு நிறம், காற்று அடித்துத் திரும்பினால் அடியில் சாம்பல் வெள்ளை. இத்தனையையும் உங்கள் பெட்டியில் உள்ள ஒரே ஒரு பச்சையால் அடித்தால் படம் எப்படித் தேறும்?

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் தேடி அலைய வேண்டாம். தினமும் உங்கள் கவுன்ட்டருக்கே வருகிறார்கள். பச்சைத் தேயிலை போட்ட பணத்தை எடுக்க வரும் சிறு விவசாயியிடம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, "கவாத்து எப்போ வெட்டுவீங்க? அப்புறம் எவ்வளவு நாள்ல துளிர்க்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மேனேஜர் முறைக்கும்வரை பேசுவார். அடுத்த முறை வரும்போது அவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

அனுமதி வாங்கிக்கொண்டு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன், குந்தா பக்கம் மின்வாரிய கேம்ப்பில் வேலை. உங்களைப் போலவே ரூமுக்குள் அடைந்து கிடந்தவர். எதையோ தொடங்க வேண்டுமே என்று, படகர் ஹட்டிகளில், அதாவது அவர்களுடைய ஊர்களில், வரிசை வீடுகளின் கதவுகளை வரைய ஆரம்பித்தார். வரைவது சுமார்தான், கதவெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆனால் ஒரு வீட்டின் கதவை அரை மணி நேரம் உற்றுப் பார்த்தால் அந்த வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? யார், என்ன என்று விசாரித்தார்கள். விசாரணை டீயில் முடிந்தது. அந்த வருஷம் படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு அவருக்கு அழைப்பு வந்தது. ஊர் நினைப்பு அவருக்குப் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் ஆறு மணிக்கு மேல் போன் பண்ணிப் பேச இந்த மலையிலும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

நீங்கள் கதவு வரைய வேண்டாம். லாங்வுட் சோலை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 116 ஹெக்டேர் காடு, 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, துணையோடு போங்கள். நீலகிரி சிரிப்பான் கத்துவதைக் கேட்டுவிட்டு, எந்தப் பறவை என்று தேடி அதன் கண்ணுக்கு மேல் இருக்கும் வெள்ளைப் பட்டையை வரைந்துவிட்டால் அந்த ஞாயிறு ஓடிவிடும்.

தோடர் எம்பிராய்டரி பற்றி: வீடியோ பார்த்துப் பழகுவது என்றால் வேண்டாம் என்பேன். புகூர் என்கிற அந்த வேலையில் துணியில் மாதிரி வரைந்துகொள்வதில்லை. நெசவின் இழையை எண்ணி எண்ணி, சிவப்பிலும் கறுப்பிலும் ஊசி போடுகிறார்கள். அந்தத் துணியை எந்தப் பக்கம் வெளியே தெரியும்படியும் போர்த்திக்கொள்ளலாம். தாயிடமிருந்து மகள் பார்த்துப் பழகுவது அது, 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தோடர் பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால், அவருக்கு உரிய பணத்தைக் கொடுத்து, உங்கள் சந்தோஷத்துக்குப் பழகுங்கள். பழகியதை விற்கக் கூடாது, அது அவர்களுடைய பிழைப்பு. இருந்தாலும் இப்போதைக்கு நான்காவதாக ஒன்று எதற்கு?

விற்பது என்றதும் அந்த இன்ஸ்டாகிராம் அக்கா ஞாபகம் வருகிறார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். 1973இல் வந்த ஒரு பழைய ஆய்வு உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்தது. பாலர் பள்ளியில், தானாகவே ஆசையாகப் படம் போடும் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் படத்தில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளுடையதில் ஏறக்குறைய பாதிதான். பெரியவர்கள் எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், படம் விற்றுச் சந்தோஷமாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கிளார்க் சம்பளம் வருகிற உங்களுக்கு லைக் எண்ணுகிற இன்னொரு வேலை இந்த வருஷம் வேண்டாம். குரோஷாவை முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ருசி பார்த்தீர்கள், பிடிக்கவில்லை. கிட்டாருக்குத் தவணை முடிந்ததும் யாருக்காவது பாதி விலைக்குக் கொடுத்துவிடுங்கள். இந்த ஈரத்தில் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் கழுத்து வளைந்து அந்த விலைகூடக் கிடைக்காது.

இனி அம்மா. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், வயர் கூடை பின்னிக்கொண்டே இருந்தார் என்று. எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று ஒவ்வொன்றாகக் கற்று, இரண்டு கலர் வயரைச் சேர்த்து, கைப்பிடி எந்த நிறத்தில் போடலாம் என்று யோசித்தவருக்குக் கைவேலையின் சுகம் தெரியாதா? அவர் அதைப் பொழுதுபோக்கு என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். கூடை காய்கறி வாங்கப் போனது, பள்ளிக்கூடத்துக்கு டிபன் கொண்டுபோனது, பக்கத்து வீட்டுக்குச் சீராகவும் போயிருக்கலாம். எதற்கும் உதவாமல் சும்மா அழகாக ஒன்றைச் செய்ய அந்த வீட்டில் அவருக்கு அனுமதி இருந்திருக்காது. "படம் வரையவா அம்புட்டுத் தூரம் போன?" என்று கேட்டது அந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். மகள் நல்லபடியாக இருக்கிறாளா என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. நீங்கள் அதைத் தடையாக எடுத்துக்கொண்டு மறைக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

மறைக்கத் தொடங்கியதால் என்ன ஆகிறது? "சாப்பிட்டியா, குளிருதா, ஸ்வெட்டர் போட்டியா, சரி வைக்கிறேன்" என்று போன் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நீங்கள் அழுததைச் சொல்வதில்லை, வரைந்ததையும் சொல்வதில்லை. அவரும் ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டில் என்ன செய்கிறார் என்று உங்களிடம் சொல்கிறாரா? நீங்கள் கேட்டீர்களா? பிள்ளைகள் இரண்டும் வெளியே போன வீட்டில் அவருக்கும் அதே ஆறு மணிதான் வருகிறது. நீங்கள் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதால் அவருடைய தனிமையில் ஒரு நிமிடம்கூடக் குறையப் போவதில்லை. அது வேறு பிரச்சினை, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்: தம்பி மாதத்துக்கு இரண்டு சனி ஞாயிறு வீட்டுக்கு வருவது, சித்தி வீட்டுக்கு அவர் போய் இருந்துவிட்டு வருவது, இப்படி. தம்பியிடம் நீங்கள் கண்டிப்பாகவே சொல்லலாம். மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் அவன் சாக்குச் சொல்லும் அளவுக்குத் தூரம் இல்லை.

இன்றைக்கு ராத்திரி ஒன்று செய்யுங்கள். வீடியோ கால் போட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே வரையுங்கள். காட்டுவதற்காக வரைய வேண்டாம், அது பாட்டுக்கு நடக்கட்டும். அவர் என்ன ஏது என்று கேட்பார், "ஏன் எல்லாம் ஒரே பச்சையா இருக்கு?" என்று குறைகூடச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "அம்மா, அந்தச் சிவன் கண் முடிச்சு எப்படிப் போடுறது?" என்று கேளுங்கள். போனில் சொல்லிப் புரிய வைக்க முடியாத விஷயம் அது. அவர் கையில் வயரை எடுத்தால்தான் ஆகும். பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட மாவட்டம் இது, ஒரு நல்ல கூடை உங்கள் கிளையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தேவைப்படும். அவர் பின்னி அனுப்பினால் தாராளமாக விலை வைத்து விற்றுக் கொடுங்கள். விற்க வேண்டாம் என்று மேலே நான் சொன்னது உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை.

கடைசியாக டிரான்ஸ்ஃபர். கேட்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது, அவசரத்துக்கு அங்கே யார் இருக்கிறார்கள், இரண்டு இடத்துச் செலவு கட்டுப்படியாகிறதா என்பதை வைத்து முடிவெடுங்கள். பாதியில் நிற்கும் படங்களும், மழை பெய்கிற நவம்பர் ராத்திரியும் அதற்குக் காரணமாக இருக்க வேண்டாம். முடிந்தால் பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும்போது அம்மாவையும் கையோடு கூட்டி வாருங்கள், ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். உறைபனிக் காலம், கம்பளியும் சாக்ஸும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். அதன் பிறகும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். ஆர்டர் கைக்கு வந்த அன்று போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.